பின்கட்டு அறையில் வைஃபை எட்டவில்லை, இரண்டாவது ரவுட்டர் போட்டும் தொல்லை. உதவுங்கள்

செம்பனைக்காட்டான் (சுங்கை சிப்புட்)
வணக்கம். எங்களுடையது மலேசியாவில், பேராக்கில் ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதி) ஒற்றைமாடி வரிசை வீடு. முன்னால் ஹால், நடுவில் இரண்டு அறை, அப்புறம் பழைய சமையல்கட்டு. அப்பா தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஈபிஎஃப் (சேமநிதி) பணத்தில் பின்பக்கம் இழுத்துக் கட்டினார். இப்போதைய சமையலறையும் தங்கை படிக்கும் அறையும் அங்கேதான். பழைய வெளிச்சுவரை இடிக்கவில்லை, வாசலுக்கு மட்டும் வெட்டினோம்.

ஃபைபர் 300 எம்பிபிஎஸ். ரவுட்டர் ஹாலில் டிவிக்குக் கீழே இருக்கிறது. அதன் முன்னால் நின்றால் முழு வேகம். தங்கை அறையில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை கண்ணிலேயே படாது, 2.4இல் ஒரு கோடு. ஆன்லைன் வகுப்பில் ஆசிரியர் குரல் விட்டு விட்டுத்தான் கேட்கிறது.

வீட்டில் கிடந்த பழைய ரவுட்டரைப் பின்கட்டில் வைத்து, ஹாலிலிருந்து கேபிள் இழுத்து அதன் வேன் போர்ட்டில் (வெளி இணைப்பு வரும் துளை) செருகினேன். நெட் வருகிறது. ஆனால் ஹாலில் உள்ள பிரிண்டரைத் தங்கையின் லேப்டாப் காணவே மாட்டேன் என்கிறது. போனோடு பின்னால் நடந்தால் ஹால் வைஃபையையே பிடித்துக்கொண்டு தொங்குகிறது. கடையில் ஆறு ஆண்டெனா வைத்த ரவுட்டர் ஒன்றைக் காட்டி, இதை வாங்கினால் வீடு முழுக்க எட்டும் என்கிறார்கள். வாங்கலாமா? 500 வெள்ளிக்குள் (ரிங்கிட்) முடித்தால் நல்லது.

கங்சார்க்காரன்
ஆறு ஆண்டெனாவெல்லாம் வேண்டாம் பாஸ். மெஷ் (ஒன்றோடொன்று பேசி ஒரே வைஃபையாக வேலை செய்யும் பெட்டிகள்) இரண்டு வாங்கி, ஹாலில் ஒன்று, பின்னால் ஒன்று வைத்தால் கதை முடிந்தது. வயரே வேண்டாம்.

வயர்மேன் அண்ணன் (ஈப்போ)
தம்பி, ஆறு ஆண்டெனாவை மறந்துவிடுங்கள். கோயில் திருவிழா ஒலிபெருக்கி ஊருக்கே கேட்கும், நீங்கள் வீட்டிலிருந்து சொல்லும் பதில் அதற்குக் கேட்காது. ரவுட்டர் எவ்வளவு பலமாக அனுப்பினாலும் போன் திருப்பி அனுப்புவது அதன் சின்ன ஆண்டெனாவில்தான். நடுவில் எத்தனை செங்கல் சுவர் என்று எண்ணிப் பாருங்கள்.

கங்சார்க்காரன் சொல்லும் மெஷ் கெட்ட பொருளில்லை. ஆனால் சாதாரண இரட்டை அலைவரிசை மெஷ், வயர் இல்லாமல் ஓடும்போது போனுக்கும் ஹால் பெட்டிக்கும் ஒரே 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவில் மாறி மாறிப் பேசும். வேகம் ஏறக்குறைய பாதியாகும். அந்தப் பேச்சும் அதே பழைய வெளிச்சுவரைத் தாண்டித்தான் வர வேண்டும். உங்களிடம் கேபிள் ஏற்கெனவே இருக்கிறது, அதை விட்டுவிட்டு ஏன் காற்றை நம்ப வேண்டும்?

இரண்டு விவரம் வேண்டும். ஹாலில் இருக்கும்போது போனின் ஐபி (நெட்வொர்க் முகவரி) என்ன, பின்கட்டில் என்ன? கேபிளை லேப்டாப்பில் நேராகச் செருகினால் எவ்வளவு வேகம்?

செம்பனைக்காட்டான்
ஹாலில் 192.168.1.23, பின்னால் 192.168.0.101. கேபிளில் நேராகப் போட்டால் 290 வருகிறது அண்ணே. ஆனால் அது தரையோரமாகக் கதவிடுக்கில் ஓடுகிறது, அம்மா தினமும் திட்டுகிறார்.

வயர்மேன் அண்ணன்
பிரிண்டர் ஏன் தெரியவில்லை என்பதற்கு இந்த இரண்டு எண்ணே பதில். பழைய ரவுட்டரும் ரவுட்டராகவே வேலை செய்கிறது. வீட்டுக்குள் இரண்டு தனி நெட்வொர்க். பின்னால் இருப்பது தனக்குத் தனி டிஎச்சிபி (கருவிகளுக்கு முகவரி ஒதுக்கும் வேலை) நடத்தி, சொந்தமாக ஐபி கொடுக்கிறது. ஹாலில் இருக்கும் பிரிண்டரை லேப்டாப் தேடும் தேடல் அந்த எல்லையைத் தாண்டாது.

இன்றைக்கே செய்யக்கூடியது: பழைய ரவுட்டரின் செட்டிங்கில் 'ஆக்சஸ் பாயிண்ட் மோட்' (ரவுட்டர் வேலையை விட்டு வைஃபை மட்டும் கொடுக்கும் முறை) இருந்தால் அதைப் போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். இல்லையென்றால் அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, டிஎச்சிபியை அணைத்து, கேபிளை வேனிலிருந்து எடுத்து லேன் போர்ட்டில் (வீட்டுக் கருவிகளுக்கான துளை) செருகுங்கள். ஹால் ரவுட்டர் 1.2 என்ற முகவரியை வேறு யாருக்கும் கொடுக்காதபடி அதன் டிஎச்சிபி பட்டியலிலிருந்து விலக்கி வையுங்கள்.

புதிதாக வாங்குவதென்றால் சீலிங்கில் பொருத்தும் வைஃபை 6 ஆக்சஸ் பாயிண்ட் ஒன்று போதும். 300 எம்பிபிஎஸ் லைனுக்கு வைஃபை 7 வாங்குவது வீண் செலவு. பெட்டியில் 802.3ஏஎஃப் (802.3af) அல்லது 802.3ஏடி (802.3at) பிஓஇ, அதாவது நெட் கேபிளிலேயே கரண்டு கொடுக்கும் முறை, என்று போட்டிருக்கிறதா பாருங்கள். முதல் வகையில் போர்ட்டுக்கு 15.4 வாட், இரண்டாவதில் 30 வாட். இருந்தால் கரண்டும் டேட்டாவும் ஒரே கேபிளில் போகும், சீலிங்கில் தனி பிளக் வேண்டாம். மலிவில் கிடைக்கும் 24 வோல்ட் பேசிவ் வகையை இதோடு கலக்காதீர்கள். கருவிக்கு எது வேண்டுமோ அந்த இன்ஜெக்டர்தான் (கேபிளில் கரண்டு ஏற்றும் பெட்டி).

கேபிள் கேட் 6, முழுச் செம்பு. சிசிஏ என்று அச்சிட்டிருந்தால் தொடாதீர்கள். அது அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு. பிஓஇ கரண்டு போனால் சூடாகும், வளைத்தால் ஒடியும்.

மாலா டீச்சர் (தாப்பா)
தம்பி, எம்சிஎம்சி (நம் தொலைத்தொடர்பு ஆணையம்) முத்திரை ஒட்டிய கருவியாக வாங்குங்கள். ஆன்லைனில் விலை குறைவென்று வெளிநாட்டுப் பெட்டியை வாங்கினால் நம் ஊர் மூன்று பின் பிளக்கும் இருக்காது, வாரண்டியும் இருக்காது. இன்னொரு சந்தேகம் அண்ணன்: எங்கள் லைன் யூனிஃபை. யூனிஃபை ஆக்சஸ் பாயிண்ட் வாங்கினால் தானாகச் சேர்ந்துகொள்ளுமா?

வயர்மேன் அண்ணன்
இல்லை டீச்சர், இரண்டுக்கும் சம்பந்தமில்லை. உங்கள் லைன் டிஎம் (டெலிகாம் மலேசியா) கொடுப்பது. அந்தக் கருவி உபிக்குவிட்டி என்ற அமெரிக்க நிறுவனத்துடையது. எந்த லைனுக்கும் எந்த பிராண்ட் ஆக்சஸ் பாயிண்டும் சேரும்.

செம்பனைக்காட்டான்
ஆக்சஸ் பாயிண்ட் மோட் போட்டதும் பிரிண்டர் தெரிந்துவிட்டது, நன்றி அண்ணே. புதுக் கருவியும் வாங்கிவிட்டேன். கேபிளைச் சீலிங் வழியாக இழுத்து, இரண்டு முனையிலும் பிளக்கை நானே கிரிம்ப் செய்தேன் (அழுத்திப் பொருத்தினேன்). தங்கை அறையில் சிக்னல் இப்போது மைனஸ் 48 டிபிஎம் (பூஜ்யத்தை நெருங்க நெருங்கப் பலம்). ஆனால் வேகம் எப்போது பார்த்தாலும் 94தான், அதற்கு மேல் ஏறவே இல்லை. கருவி சொத்தையா?

வயர்மேன் அண்ணன்
கருவியைக் குறை சொல்லாதீர்கள். 94 என்று ஒரே இடத்தில் நின்றால் இணைப்பு 100 மெகாபிட்டில் பேசுகிறது என்று பொருள். 100க்கு இரண்டு ஜோடி வயர் போதும், ஆரஞ்சும் பச்சையும். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ ஒன்று சரியாகத் தொடவில்லை. பிஓஇ கரண்டு ஏறுகிறது என்பதற்காக நான்கும் சரி என்று நினைக்காதீர்கள். முனைகளை டார்ச் அடித்துப் பாருங்கள்.

செம்பனைக்காட்டான்
அதேதான்! சீலிங் பக்க முனையில் ஏழு வயர் பிளக்கின் நுனியை முட்டி நிற்கிறது, வெள்ளைப் பழுப்பு மட்டும் பாதியிலேயே நின்றுவிட்டது. வெட்டி மறுபடி கிரிம்ப் செய்தேன், 287. ஹாலிலிருந்து நடந்து வந்தால் போன் மாறத்தான் இன்னும் யோசிக்கிறது.

வயர்மேன் அண்ணன்
எப்போது மாறுவது என்பதைப் போன்தான் முடிவு செய்கிறது. ஐபோன் மைனஸ் 70க்குக் கீழே இறங்கினால்தான் வேறு இடம் தேடும். அதனால் ஹால் ரவுட்டரின் பவரை 'ஹை'யிலிருந்து 'மீடியம்' ஆக்குங்கள். குறைத்தால் சிக்னல் போய்விடுமே என்று பலர் பயப்படுவார்கள், ஆனால் உங்களுக்கு அதுதான் வேண்டும். இரண்டிலும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட், ஒரே பாதுகாப்பு வகை. 2.4இல் ஹாலுக்கு சேனல் 1, பின்னால் 6 அல்லது 11, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 5 கிகாஹெர்ட்ஸில் ஒரு கருவிக்கு சேனல் 36, இன்னொன்றுக்கு 149. 52 முதல் 64 வரையுள்ள சேனல்களில் ரேடார் சோதனை உண்டு, ரீஸ்டார்ட் ஆனால் ஒரு நிமிடம் 5 கிகாஹெர்ட்ஸ் காணாமல் போகும்.

கருவியைச் சீலிங்குக்குக் கீழேதானே வைத்தீர்கள்? மேலே ஜிங்க் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் வைக்காதீர்கள். வீட்டுக் கருவிகளில் பெரும்பாலானவை 40 டிகிரிவரைதான் தாங்கும், மதியத்தில் அந்த இடம் அதைத் தாண்டிவிடும்.

செம்பனைக்காட்டான்
கீழேதான் அண்ணே. மீடியம் ஆக்கியதும் சமையலறை வாசலிலேயே மாறிவிடுகிறது. கடைசியாக ஒன்று: பின்னால் சாக்கடைக்கு அந்தப் பக்கம் சித்தப்பா வீடு, அறுபது மீட்டர் இருக்கும். இதே கேபிளை அங்கேயும் இழுக்கலாமா?

வயர்மேன் அண்ணன்
வேண்டாம். நூறு மீட்டர்வரை கேபிள் வேலை செய்யும், அது சரி. ஆனால் இரண்டு வீட்டுக்கு நடுவே வெட்டவெளியில் செம்பு போட்டால் பக்கத்தில் இடி விழும்போது இரண்டு பக்கக் கருவியும் போகும். நம் பேராக் இடி தெரியாதா! வெளியில் வைக்கும் 5 கிகாஹெர்ட்ஸ் பிரிட்ஜ் ஜோடி (வயர் இல்லாமல் இரண்டு இடத்தை இணைக்கும் கருவிகள்) ஒன்று வாங்கி, எதிரெதிரே பார்த்தபடி மாட்டுங்கள். நடுவில் மரம் நிற்கிறதா?

செம்பனைக்காட்டான்
ஒரு ரம்புத்தான் மரம் நிற்கிறது.

வயர்மேன் அண்ணன்
ஈர இலை சிக்னலை நன்றாகவே தின்னும். மரத்துக்கு மேலே தெரிகிற மாதிரி கம்பத்தை உயர்த்துங்கள், இல்லாவிட்டால் சித்தப்பாவைக் கேட்டு அந்தப் பக்கக் கிளையை மட்டும் கழியுங்கள். காய் இறங்கின பிறகு கேளுங்கள்.