நினைவாற்றலைக் காக்க உணவும் இயற்கை வழிகளும்: எதற்கு முதலிடம்?

கேள்வி

என் தாயாருக்கு 68 வயது. அவருடைய அக்கா ஆல்சைமர் நோயால் சில ஆண்டுகள் துன்புற்றுக் காலமானதிலிருந்து, ஒருவரின் பெயர் உடனே நினைவுக்கு வராவிட்டால்கூட, தமக்கும் மறதி நோய் தொடங்கிவிட்டதென்று அஞ்சுகிறார். நினைவாற்றலைப் பெருக்கும் என்று விளம்பரப்படுத்தப்படும், ஜிங்கோ மரத்தின் இலைச் சாற்றால் ஆன மாத்திரையை வாங்கித் தரும்படி கேட்கிறார். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மினும், இதயத்தின் பொருட்டு ஆஸ்பிரினும் நெடுங்காலமாக உட்கொண்டு வருகிறார். இத்தகைய மாத்திரையாலோ உணவாலோ இந்நோயைத் தடுக்க இயலுமா என்பதை அறிந்தோர் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1

ஜிங்கோவை வாங்க வேண்டாம். அமெரிக்காவில் 75 வயதைக் கடந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம், நாளொன்றுக்கு இருமுறை 120 மில்லிகிராம் வீதம் ஒரு பிரிவினருக்கு ஜிங்கோவும் மறு பிரிவினருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்து, ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் கண்காணித்த ஆய்வின் முடிவு 2008இல் வெளியானது. மறதி நோய் வருவதை ஜிங்கோ குறைக்கவில்லை. ஆஸ்பிரினுடன் சேரும்போது இரத்தக் கசிவு ஏற்படும் அபாயமும் உண்டு என்பதால், தங்கள் தாயாரைப் பொறுத்தவரை அது பயனற்றது என்பதோடு நின்றுவிடாது. ‘இயற்கையானது’ என்று புட்டியின்மேல் அச்சிட்டிருப்பது தீங்கற்றது என்பதற்குச் சான்றாகாது. உலக சுகாதார நிறுவனமும், மறதி நோயைத் தடுக்கும் நோக்கில் பி, ஈ வைட்டமின்களையோ கொழுப்பு அமில மாத்திரைகளையோ பரிந்துரைக்க வேண்டாமென்று 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் கூறியிருக்கிறது.

பதில் 2

மாத்திரையைப் பற்றி மேலே சொன்னதை ஏற்கிறேன். உணவை அதே தட்டில் வைத்து ஒதுக்கிவிட வேண்டாம். கீரைகள், பெர்ரி வகைப் பழங்கள், கொட்டைகள், பருப்பு வகைகள், முழுதானியம், மீன் ஆகியவற்றைக் கூட்டி, வெண்ணெய், சிவப்பு இறைச்சி, இனிப்பு, பொரித்த உணவு ஆகியவற்றைக் குறைக்கும் ‘மைண்ட்’ உணவுமுறையைப் பின்பற்றியோருக்கு ஆல்சைமர் நோய் குறைவாகவே வந்தது என்று 2015இல் வெளியான கண்காணிப்பு ஆய்வு காட்டியது. ஆனால் சுமார் 600 பேரை இரு குழுக்களாகப் பிரித்து மூன்றாண்டுகள் நடத்திய சோதனையில், அந்த உணவுமுறைக்கும் வழக்கமான உணவையே சற்று அளவு குறைத்து உண்பதற்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 2023இல் தெரிய வந்தது. இரு குழுவினருமே எடை குறைந்தனர், இரு குழுவினரின் சிந்தனைத் திறன் தேர்வு மதிப்பெண்களும் உயர்ந்தன. பல பத்தாண்டுகளாக மூளையில் மெல்ல வளரும் ஒரு நோயை அளக்க மூன்றாண்டுகள் போதுமா என்பது என் ஐயம். எப்படியாயினும், சர்க்கரையையும் கொழுப்பையும் கட்டுக்குள் வைக்கும் உணவு மூளையின் இரத்தக் குழாய்களுக்கும் நல்லதே.

பதில் 3

உணவுக்கு முதலிடம் தருவதில் எனக்கு உடன்பாடில்லை. லான்செட் மருத்துவ இதழ் அமைத்த வல்லுநர் ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, மாற்றக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளை எதிர்கொண்டால் உலகில் ஏறத்தாழ 45 சதவீத மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு என்று மதிப்பிடுகிறது. அந்தப் பதினான்கில் உணவு தனி இடம் பெறவில்லை! உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், கெட்ட கொழுப்பு, புகைபிடித்தல், உடலுழைப்பின்மை, மனச்சோர்வு, தனிமை போன்றவற்றோடு, பலரும் பொருட்படுத்தாத செவித்திறன் இழப்பும் பார்வைக் குறைபாடும் அப்பட்டியலில் உள்ளன. பேச்சு சரியாகக் காதில் விழாதவர் உரையாடலிலிருந்து சிறிது சிறிதாக விலகுகிறார், மூளைக்குக் கிடைக்கும் பயிற்சியும் அதனால் சுருங்குகிறது. நோய் ஆபத்து மிகுந்த முதியோருக்கு, காது கேட்கும் கருவி சிந்தனைத் திறன் சரியும் வேகத்தைக் குறைத்ததாக 2023இல் ஓர் ஆய்வு கண்டது. அதே ஆய்வில் நல்ல உடல்நலத்தோடு இருந்தவர்களிடம் அப்பயன் தென்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையிலான 1,260 பேரிடம் நடந்த ஆய்வில் பலன் தந்தது உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, இரத்த அழுத்தக் கண்காணிப்பு ஆகிய அனைத்தும் சேர்ந்த ஏற்பாடுதான். அந்தப் பலனும் மிதமானதே.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. அம்மா தொலைக்காட்சியின் ஒலியை மிகவும் கூட்டி வைத்தே பார்க்கிறார். நாங்கள் அதை வயதின் இயல்பென்று விட்டுவிட்டோம். செவித்திறன் சோதனைக்கு ஏற்பாடு செய்கிறேன். மருத்துவரிடம் வேறு எதைக் கேட்க வேண்டும்?

பதில் 4

பி12 அளவைச் சோதிக்கச் சொல்லுங்கள். மெட்ஃபார்மினை நீண்டகாலம் உட்கொள்வோருக்கு உணவிலுள்ள அந்த வைட்டமினை உடல் ஏற்பது குறையலாம். பற்றாக்குறை முற்றினால் மறதியும் குழப்பமும் தோன்றும், உரிய காலத்தில் ஈடுசெய்தால் பெரும்பாலும் சீராகும். தைராய்டு சுரப்புக் குறைவும் இவ்வாறே மறதி நோய்போலத் தோற்றமளிக்கக்கூடியது. தூக்கத்துக்கோ ஒவ்வாமைக்கோ டைஃபென்ஹைட்ரமின் கலந்த மாத்திரையை அவர் தாமாகவே எடுத்துக்கொண்டால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், ஏனெனில் முதியோரின் நினைவை மங்கச் செய்யும் மருந்துகளில் அதுவும் ஒன்று. மறந்த பெயர் சற்று நேரம் கழித்து நினைவுக்கு வருமானால் அது பெரும்பாலும் வயதின் இயல்பே. பழகிய பாதையில் வழி தவறுவது, கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்பது, கணக்கு வழக்குகளில் தடுமாறுவது போன்றவை தென்பட்டிருந்தால், அவை எப்போது தொடங்கின என்பதைக் குறித்து எடுத்துச் செல்லுங்கள்.