அமெரிக்க காலேஜ்: எங்கே சேர்வது என்று முடிவாகும் முன் உதவித்தொகையை ஏற்கலாமா?

நங்கநல்லூர் அம்மா
என் மகள் பிறந்தது நியூஜெர்சியில், வளர்ந்து படித்ததெல்லாம் இங்கே நங்கநல்லூரில். அவளுக்கு அமெரிக்கக் குடியுரிமை உண்டு, எங்கள் இருவருக்கும் இந்தியப் பாஸ்போர்ட்தான். ஃபாஃப்சா (அமெரிக்க அரசின் படிப்பு உதவிக்கான விண்ணப்பம்) போட்டோம், மூன்று காலேஜில் இடம் கிடைத்து மூன்றிலிருந்தும் உதவித்தொகைக் கடிதம் வந்துவிட்டது. ஒரு காலேஜின் போர்ட்டலில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ‘அக்செப்ட்’, ‘டிக்ளைன்’ என்று இரண்டு பட்டன் இருக்கிறது, சீக்கிரம் பதில் சொல்லச் சொல்லி மெயில் வேறு. எங்கே சேர்வது என்று இன்னும் முடிவு பண்ணவில்லை, அதற்கு மே 1 வரை நேரம் இருக்கிறது. அக்செப்ட் கொடுத்தால் அங்கேதான் சேர வேண்டும் என்று ஆகிவிடுமா, கொடுக்காவிட்டால் பணம் கைவிட்டுப் போய்விடுமா? அவள் அப்பா எதையும் தொடாதே என்கிறார்.

வேளச்சேரி ரகு
அக்கா, பயப்படவே வேண்டாம். உதவித்தொகையை ஏற்பது வேறு, காலேஜில் சேர்வது வேறு. சேர்கிறேன் என்று வாக்குக் கொடுப்பது டெபாசிட் கட்டும்போதுதான், அதை ஒரே இடத்தில் கட்டுங்கள், இரண்டு இடத்தில் கட்டுவது முறையில்லை, கட்டிய பணமும் பெரும்பாலும் திரும்பி வராது. கிராண்ட்டை, அதாவது திருப்பிக் கட்ட வேண்டாத பணத்தை, மூன்று இடத்திலும் ஏற்று வைக்கலாம், அமெரிக்க அரசு தரும் பெல் கிராண்ட் எப்படியும் ஒரே காலேஜில்தான் வரவாகும். சேராத இடங்களுக்கு மட்டும் வரவில்லை என்று எழுதிவிடுங்கள், வெயிட் லிஸ்ட்டில் ஒரு பிள்ளை காத்திருக்கும்.

ஃபெடரல் லோனையும் (அமெரிக்க அரசின் படிப்புக் கடன்) அக்செப்ட் கொடுத்த உடனே கடன் ஏறிவிடாது. பிராமிசரி நோட்டில் (கடன் பத்திரம்) மகள் கையெழுத்துப் போட வேண்டும், கவுன்சலிங் முடிக்க வேண்டும், அப்புறம்தான் செமஸ்டருக்குச் செமஸ்டர் பணம் போகும். முதல் வருடம் அவளுக்குப் பொதுவாகக் கிடைக்கக்கூடியது அதிகபட்சம் 5,500 டாலர், பெற்றோர் தங்கள் பெயரில் அரசுக் கடன் வாங்க முடியாதவர்கள் என்று காலேஜ் ஏற்றால் 9,500 வரை போகலாம்.

மெரிட் ஸ்காலர்ஷிப் இருந்தால் அந்தக் கடிதத்தை மட்டும் வரிவரியாகப் படியுங்கள். சில காலேஜில் அதற்குத் தனித் தேதி உண்டு, தாண்டினால் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். இயர்லி டிசிஷனில் (இடம் கிடைத்தால் அங்கேதான் சேர்வேன் என்று முன்கூட்டியே ஒரே காலேஜுக்கு விண்ணப்பிப்பது) போட்டிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, அது முதலிலேயே கட்டுப்பட்டது.

பல்லாவரத்துக்காரி
ரகு சொன்னது சரி, ஆனால் பட்டனைவிடப் பெரிய விஷயம் வேறு இருக்கிறது. கடிதத்தில் ‘பேரன்ட் பிளஸ்’ என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். அது பெற்றோர் பெயரில் வாங்கும் கடன். அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாத உங்களுக்கு அது கிடைக்காது, ஆனாலும் சில காலேஜ்கள் அதையும் உதவி என்று கூட்டி, நீங்கள் கட்ட வேண்டியதைக் குறைத்துக் காட்டும். வொர்க் ஸ்டடியும் அப்படித்தான், வேலை பார்த்தால் வரும் சம்பளம், ஃபீஸ் பில்லில் குறையாது. மொத்தச் செலவில் கிராண்ட், ஸ்காலர்ஷிப் இரண்டை மட்டும் கழித்து, மூன்று காலேஜையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

நங்கநல்லூர் அம்மா
இப்போதுதான் பார்த்தேன் ம்மா. எங்களுக்கு மலிவாகத் தெரிந்த காலேஜில்தான் 18,000 டாலர் பேரன்ட் பிளஸ் என்று போட்டிருக்கிறது! அந்த வரியை நீக்கிவிட்டால் மூன்றில் அந்த காலேஜுக்குத்தான் செலவு அதிகம். என்ன செய்வது?

பல்லாவரத்துக்காரி
அந்த வரிக்கு டிக்ளைன் கொடுங்கள், மற்றவற்றுக்கு ஒன்றும் ஆகாது. என் பெற்றோர் இந்தியக் குடிமக்கள், அவர்களால் இந்தக் கடன் வாங்க முடியாது, மறுபரிசீலனை செய்ய முடியுமா என்று காலேஜின் எய்ட் ஆபீசுக்கு மகள் பெயரிலேயே மெயில் போடச் சொல்லுங்கள், மற்ற காலேஜின் கடிதத்தையும் இணைக்கலாம். டெபாசிட் கட்டும் முன்னாலேயே கேட்க வேண்டும், கட்டிய பிறகு நம் பேச்சுக்கு அவ்வளவு மதிப்பு இருக்காது.

வேளச்சேரி ரகு
இன்னொன்று. கிழக்குக் கரை காலேஜ் என்றால் மே 1 நள்ளிரவு நமக்கு மே 2 காலை 9.30. ஆனால் அதுவரை இழுக்காதீர்கள், கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை ஆன் ஆகியிருக்கிறதா என்று பேங்கில் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.