நாரி நோவுக்குக் கைரோ: 36 தடவைக்கு முன்காசு கட்டலாமா?

வெயர்ஹவுஸ் தம்பி, ஸ்காபரோ:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 38 வயது, வெயர்ஹவுஸில் இரவு ஷிப்ட். ஐந்து கிழமைக்கு முதல் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பியபோது நாரி பிடித்தது, அன்றையிலிருந்து வலப்பக்கம் பிட்டத்திலிருந்து கெண்டைக்கால் வரை ஒரே இழுவை. கதிரையால் எழும்பினால் முதல் பத்து அடியும் கூனிக்கொண்டுதான் நடக்கிறேன், சப்பாத்து நூல் கட்ட மகளைக் கூப்பிடுகிறேன். குடும்ப டொக்டர் நாப்ரொக்சன் என்ற நோவு மாத்திரை தந்தார். எனக்கு முன்பு அல்சர் வந்தது, அதை அவரிடம் சொல்ல மறந்துபோனேன். இரண்டு கிழமையில் வயிறு எரியத் தொடங்க நிறுத்திவிட்டேன்.

பிறகு ஒருவர் சொல்லி, முள்ளந்தண்டைக் கையால் அமுக்கி வைத்தியம் பார்க்கிற ஒரு கைரோபிராக்டரிடம் (கைரோ) போனேன். எக்ஸ்றே எடுத்து, அதில் சிவப்புக் கோடு கீறிக் காட்டி, முள்ளந்தண்டு விலகி நரம்பை அழுத்துகிறது, இப்படியே விட்டால் கிட்னி, சமிபாடு எல்லாம் பழுதாகும் என்றார். சரித்துப் படுக்கவைத்து ஒரு அமுக்கு, படபடவென்று சத்தம். எழும்பினால் உண்மையிலேயே லேசாக இருந்தது, அதுதான் என்னைக் குழப்புகிறது. அடுத்த நாள் மத்தியானம் பழையபடி. கிழமைக்கு மூன்று தரம், 12 கிழமை, மொத்தம் 36 தடவை வரவேணுமாம், முழுக்காசையும் இப்போதே கட்டினால் கழிவாம். என் இன்சூரன்ஸ் கைரோவுக்கு வருடத்துக்கு 500 டொலர்தான் தரும். அடுத்தமுறை கழுத்தையும் நெட்டி முறிக்கப் போகிறாராம், கழுத்தில் எனக்கு ஒரு நோவும் இல்லை!

மாத்திரை இல்லாமல் இதை மாற்ற வழி இருக்கிறதா? கைரோவா, பிசியோவா, இல்லை அம்மா சொல்கிறமாதிரி ஊருக்குப் போய் முறிவு நெரிவுப் பரியாரியிடம் எண்ணெய் போட்டு உருவுவதா?

மார்க்கம் அக்கா:

தம்பி, எல்லாரையும் ஒரே தராசில் போடாதீர்கள். நான் போன கைரோ எக்ஸ்றே எடுக்கவே இல்லை. அரை மணித்தியாலம் கேள்வி கேட்டார், ஆறு தரம் வந்தால் போதும் என்றார், ஐந்தாம் தரமே "இனி வரத் தேவையில்லை, வீட்டில் இந்தப் பயிற்சியைச் செய்யுங்கோ" என்று அனுப்பிவிட்டார். காசை முன்னுக்குக் கேட்கிற இடத்தில் கொஞ்சம் நிதானமாக இருங்கள், அவ்வளவுதான்.

பிசியோ வேலைக்காரன்:

நான் பதிவுபெற்ற பிசியோ, ஆகவே என் பக்கச் சாய்வையும் கணக்கில் எடுத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் ஒன்று. தொடைகளுக்கு நடுவில், மலவாசலைச் சுற்றி விறைப்பு, சலம் போக முடியாமை அல்லது தெரியாமலே போதல், பாதத்தைத் தூக்க முடியாத பலவீனம், இதில் ஏதாவது வந்தால் கைரோவும் வேண்டாம் பிசியோவும் வேண்டாம், நேரே எமெர்ஜென்சி. காய்ச்சல், காரணமில்லாமல் மெலிதல், முன்பு புற்றுநோய் இருந்தது என்றால் டொக்டரிடம் கெதியாகப் போகவேணும்.

இவை இல்லையென்றால் நீங்கள் சொல்வது டிஸ்க் (முள்ளந்தண்டு எலும்புகளுக்கு நடுவில் இருக்கிற மெத்தை) பிதுங்கி நரம்பை உரசுகிற கால் இழுவை போலத்தான் இருக்கிறது, ஆனால் நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்ல மாட்டேன். இது பெரும்பாலும் சில கிழமைகளிலோ சில மாதங்களிலோ தானாகவே இறங்கும், பிதுங்கிய டிஸ்க் துண்டு சுருங்கிப்போவதும் உண்டு. எக்ஸ்றேயில் டிஸ்க்கும் தெரியாது நரம்பும் தெரியாது, அந்தச் சிவப்புக் கோட்டை யாருடைய படத்திலும் கீறலாம். 1994இல் அமெரிக்காவில் நாரி நோவே இல்லாத 98 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள், 64 வீதமானோருக்கு டிஸ்க்கில் ஏதோ ஒரு குறை இருந்தது. படத்தைக் காட்டிப் பயப்படுத்துவது சுலபம்.

அந்தப் படபடச் சத்தம் எலும்பு இடத்துக்குத் திரும்பிய சத்தமில்லை. மூட்டுத் திரவத்துக்குள் வாயு இடைவெளி உண்டாகும்போது வருவது, 2015இல் அல்பேர்ட்டாப் பல்கலைக்கழகத்தில் விரல் மூட்டை எம்ஆர்ஐக்குள் இழுத்துப் படமாகவே எடுத்தார்கள். ஆனால் லேசாக இருந்தது பொய்யில்லை. தசை கொஞ்ச நேரம் இறுக்கம் விடும், நோவு மட்டுப்படும், நாங்கள் கையால் செய்வதும் கிட்டத்தட்ட அதேதான். 2017இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் புதிய நாரி நோவுக்கு மருந்துக்கு முதல் சூடு, மசாஜ், அக்குபங்சர், முள்ளந்தண்டைக் கையால் அமுக்குதல் இவற்றைப் பார்க்கச் சொன்னது. இங்கிலாந்தின் 2016 வழிகாட்டி இன்னும் கறார்: கை வைத்தியம் தனியாக வேண்டாம், உடற்பயிற்சியோடு சேர்ந்தால் மட்டும் சரி, அக்குபங்சர் வேண்டவே வேண்டாம். ஆக, கைரோ நாரியை அமுக்குவது தப்பில்லை, 36 தடவை என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை.

கழுத்து வேறு கதை. அதைச் சடாரென்று திருப்பும்போது மூளைக்குப் போகும் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் உண்டு. மிக அரிது, ஆனால் நோவே இல்லாத கழுத்துக்கு அந்த அரிதும் எதற்கு? ஒன்ராறியோவில் உங்கள் சம்மதம் இல்லாமல் யாரும் தொடமுடியாது, வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மருந்தும் ஒன்றும் மந்திரமில்லை. கால் இழுவைக்கு எழுதுகிற பிரிகாபலினை 2017இல் ஆஸ்திரேலியாவில் சோதித்தபோது போலி மாத்திரையைவிட நன்றாக வேலைசெய்யவில்லை. ஆனால் அல்சர் விஷயத்தைக் குடும்ப டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

சந்தேகப்பேர்வழி:

இந்தக் கைரோ வைத்தியம் தொடங்கிய கதை தெரியுமா? 1895இல் அயோவா மாநிலம் டாவன்போர்ட்டில் டி.டி. பால்மர் என்று காந்த வைத்தியம் பார்த்த ஒருவர், காது கேளாத ஹார்வி லில்லார்ட் என்ற துப்புரவுத் தொழிலாளியின் முதுகெலும்பைத் தள்ளிவிட்டுக் காது கேட்கவைத்தேன் என்றார். காது நரம்பு முதுகுப் பக்கமே போவதில்லை! முள்ளந்தண்டு விலகினால் கிட்னி பழுதாகும் என்று உங்களுக்குச் சொன்னதும் அதே பால்மர் சரக்குத்தான். இன்றைக்கு நிறையக் கைரோக்கள் அதை விட்டுவிட்டார்கள், உங்களுடையவர் விடவில்லை.

ட்ரக் அண்ணை:

எல்லாம் சரி, ஒருவரும் முக்கியமானதைக் கேட்கவில்லையே. தம்பி, பெட்டி தூக்கினது வேலையிலா? அப்படியென்றால் ஏன் சொந்தக் காசு, சொந்த இன்சூரன்ஸ்? டபிள்யூஎஸ்ஐபிக்கு, அதுதான் வேலையில் காயப்பட்டவர்களுக்குக் காசு கட்டுகிற ஒன்ராறியோ வாரியத்துக்கு, எழுதிப் போடு, காயம் வந்து ஆறு மாதத்துக்குள் போடவேணும். அங்கே நாரிக்கென்றே ஒரு திட்டம் இருக்கிறது, ஏற்றுக்கொண்டால் பிசியோவுக்கோ கைரோவுக்கோ அவர்களே கட்டுவார்கள். சூப்பர்வைசர் முகத்தைச் சுளிப்பார், சுளிக்கட்டும்.

எனக்கும் 2016இல் இதே இழுவை. நான் செய்த பெரிய பிழை பத்து நாள் கட்டிலில் கிடந்தது, எழும்பும்போது கால் மரக்கட்டை. பிறகு வீட்டு ஒழுங்கைக்குள்ளேயே ஐந்து நிமிடம், மனுசி திட்டத் திட்டப் பத்து நிமிடம் என்று நடந்து நடந்துதான் மூன்றாம் மாதம் ட்ரக்கில் ஏறினேன். பரியாரியின் எண்ணெய் ஊரிலிருந்து வந்தது, மணம் நல்லது, சூட்டுக்குச் சுகமாகத்தான் இருந்தது. அதற்காக மணித்தியாலக் கணக்கில் பிளேனில் குந்தியிருந்து போகாதே, போய் இறங்கும்போது நிமிர மாட்டாய்.

வெயர்ஹவுஸ் தம்பி:

வேலையில்தான் அண்ணை. டபிள்யூஎஸ்ஐபி மண்டையில் ஓடவே இல்லை, இன்றைக்கே படிவம் எடுக்கிறேன். விறைப்பு, சலப் பிரச்சினை ஒன்றும் இல்லை, பாதமும் தூக்க முடிகிறது, இப்போதுதான் குதிக்காலால் நடந்து பார்த்தேன். கைரோவுக்குப் போன்பண்ணி முன்காசும் இல்லை, கழுத்தும் இல்லை என்றேன். அந்தக் கழிவு வெள்ளிக்கிழமையோடு முடிகிறதாம்.