கார் செட்டுச் சுவரில் ஏத்தி இறக்கற தட்டு: அடிச்சவங்க அனுபவம் சொல்லுங்க

பல்லடத்திலிருந்து

வணக்கமுங்க. கார் செட்டுச் சுவர்ல சேனல் (வரிசையாத் துளை போட்ட இரும்புப் பட்டை) நெட்டுக்கு அடிச்சு, பிராக்கெட்டை வேணுங்கற உயரத்துக்கு மாத்தி மாட்டிக்கற மாதிரி தட்டு போட்டிருக்கோம். ஒரு ஆடிக் காத்தையும் பாத்திருச்சு, இன்னும் அசையல. மருந்தடிக்கற டேங்க், சொட்டுநீர்ப் பைப் சுருள், ஸ்பேனர் பெட்டி, மிச்சமான பெயிண்ட் பக்கெட், தார்ப்பாய்னு தரையில கிடந்ததெல்லாம் மேல ஏறிருச்சு. தரையில அட்டைப்பெட்டி வெச்சா செம்மண் காட்டுல கரையான் விட்டு வைக்குமுங்களா? அதுக்காகவே செஞ்சது.

இந்த வேலைக்கு யூடியூப்ல தேடினா வர்றது பெரும்பாலும் அமெரிக்கா வீடியோ. அங்க மரச்சட்டத்தை நிறுத்தி மேல ஜிப்சம் பலகை அடிச்சதுதான் சுவர். வழக்கமா 16 அங்குலத்துக்கு ஒரு சட்டம் இருக்கும், அதைக் கண்டுபிடிச்சுத் திருகை ஏத்தச் சொல்லுவாங்க. நம்ம ஊருக்கு அது ஒத்து வராதுங்க. இங்க ஒரே வீதியில ஒரு வீடு செங்கல், பக்கத்து வீடு உள்ள காலியா இருக்கற ஹாலோ பிளாக், அதுக்கடுத்தது சாம்பல் கல் (ஃப்ளை ஆஷ்), புதுசா எழும்பறது காத்துக் குமிழ் நிறைஞ்ச லேசான ஏஏசி பிளாக். பூச்சும் பெயிண்டும் ஏறிட்டா நாலும் ஒண்ணாத்தான் தெரியும். தட்டைத் தாங்கப் போறது சுவரு. அது என்ன சுவருன்னு தெரியாம கடையில போயி சேனலைத் தூக்கிப் பாத்து எடை பாக்கறதுல பிரயோசனமே இல்லை.

ட்ரில்லுல வர்ற தூளைப் பாத்தே சுவரைச் சொல்லிரலாமுங்க. சேனல் வந்து மறைக்கப் போற இடத்துல 6 எம்எம் பிட் வெச்சு ஒரு ஓட்டை போடுங்க. அதுக்குக் கீழ ஒரு வெள்ளைக் காகிதத்தை மடிச்சு ஒட்டி வெச்சா தூளெல்லாம் அதுல விழும். முதல் அரை அங்குலத்துக்கு வர்றது பூச்சோட தூளு, அதை விட்டுருங்க. அதுக்கப்புறம் செக்கச்செவேல்னு வந்தா செங்கல். சாம்பல் நிறத்துல வந்துட்டே இருந்து, திடீர்னு பிடிப்பே இல்லாம பிட்டு உள்ள ஓடுச்சுன்னா ஹாலோ பிளாக். வெள்ளையாவோ வெளிர் சாம்பலாவோ நைசா உதிர்ந்து, கை அழுத்தாமலே இறங்கினா ஏஏசி. சாம்பல் நிறத்துல வந்து, ட்ரில்லை ஹேமர்ல (அடிச்சுக் குடையற மோடுல) போட்டும் இறங்க மாட்டேன்னா பில்லரோ பெல்ட்டோ, எப்படியும் கான்கிரீட்.

எங்களுது ஹாலோ பிளாக். அதோட ஓடு, அதாவது உள்ள இருக்கற காலிக் கூட்டை மூடின முகம், ஒரு அங்குலம், மிஞ்சினா ஒன்றே கால் அங்குலம். திருகைப் பிடிக்கற ரெண்டு அங்குல பிளாஸ்டிக் பிளக்கைப் போட்டா முக்கால்வாசி ஓட்டுலயும் பூச்சுலயும் இருக்கும், மிச்சம் காலிக் கூட்டுக்குள்ள தொங்கும். திருகும்போது இறுகற மாதிரியே கைக்குத் தெரியும். பாரம் ஏறினாத்தான் ஓட்டோட பேத்துட்டு வரும். கடையில ஆங்கர் போல்ட் போட்டா எந்தச் சுவரும் தாங்கும்னு சொன்னாங்க. அது உள்ள விரிஞ்சு நாலு பக்கமும் நெம்பித்தான் பிடிக்குது. கான்கிரீட்டுல அருமையான சாமானுங்க. ஆனா ஹாலோ பிளாக் ஓட்டை நெம்பினா ஓடுதான் விரிசல் விடும்.

எங்க கொத்தனார் அண்ணன் செஞ்ச வேலையை அப்படியே சொல்றேன். ஏழடி உயரத்துல லிண்டல் பெல்ட் (கதவு ஜன்னலுக்கு மேல போற கான்கிரீட் பட்டை) ஓடுது. மேல் திருகு அத்தனையும் அந்த பெல்ட்டுல விழற மாதிரி சேனல் உயரத்தை முடிவு பண்ணினார். கீழ்த் திருகு விழற இடத்துல மட்டும் பிளாக்கோட முகத்தை உளியில ஒரு உள்ளங்கை அகலத்துக்கு உடைச்சு எடுத்தார். உள்ள கூட்டுல சிமெண்ட் சாக்கைச் சுருட்டித் திணிச்சு அடிய அடைச்சுட்டு, பேபி சிப்ஸ் (பொடி ஜல்லி) போட்ட கான்கிரீட்டை இழுத்து வெச்சு, கரண்டிக் காம்பால குத்தி இறக்கினார். ஒரு வாரம் தண்ணி விட்டு ஆற வெச்ச பின்னாடிதான் ட்ரில்லைத் தொட்டார். இப்ப அங்க திருகு கான்கிரீட்டுல நிக்குது. சுவரை உடைக்கப் பிடிக்காதவங்களுக்கு, உள்ள போயி இறக்கை விரிக்கற டாகிள் போல்ட் இருக்கு. வலைக்குழாயை நுழைச்சு உள்ள பசை அடிக்கற கெமிக்கல் ஆங்கரும் இருக்கு. விலை கூடத்தான், ஆனா நிக்கும்.

எல் பிராக்கெட்டே போதாதா, எதுக்கு நெட்டுக்குச் சேனல்னு எங்க மாமா கேட்டார். கணக்குப் போட்டுக் காட்டினேன். 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட் நிறைஞ்சிருந்தா 30 கிலோவை நெருங்கும். அது சுவர்ல இருந்து 8 அங்குலம் தள்ளி உக்காருதுன்னு வெச்சுக்கங்க. எல் பிராக்கெட்டோட சுவர்க்கால் 8 அங்குலம்னா மேல் திருகை வெளிய இழுக்கற பாரம் 30 கிலோ. அதே பக்கெட் 48 அங்குலச் சேனல்ல தொங்கினா மேல் திருகுக்குக் கணக்குப்படி 5 கிலோ. நிஜத்துல சேனல் கொஞ்சம் வளையும், பிராக்கெட்டுக்குப் பக்கத்துத் திருகு கூடுதலா வாங்கும், அதனால அவ்வளவு குறையாது. இருந்தாலும் நெட்டுச் சேனலுக்கு ஈடு இல்லீங்க. பக்கெட்டைத் தட்டோட நுனியில வைக்காம சுவரை ஒட்டித் தள்ளி வைக்கணும்ங்கறதும் இந்தக் கணக்குல இருந்து வர்றதுதான்.

பக்கச் சுவர்ல போடலாமான்னு யோசிக்கறவங்க, முதல்ல காரை உள்ள விட்டு நாலு கதவையும் முழுசாத் திறந்து பாருங்க. பத்தடி அகலச் செட்டுல 12 அங்குலத் தட்டு போட்டா கதவு இடிக்கும், இல்லைன்னா இறங்கறவங்க மண்டையில இடிக்கும். நாங்க முன்சுவர்ல, பானெட்டுக்கு மேலதான் போட்டிருக்கோம். காரோட மூக்கு கீழ நுழைஞ்சு நிக்கும்.

செங்கல், ஏஏசி, பழைய மண் சுவர்னு வேற வேற சுவர்ல அடிச்சவங்க எழுதுங்க.

சரவணம்பட்டியிலிருந்து

அண்ணா, எங்க வீடு ஏஏசி பிளாக். கட்டும்போது லேசான கல்லு, வெயிலுக்கு இதம்னு சொன்னாங்க, அது உண்மைதான். தண்ணியில போட்டா மிதக்கற கல்லுங்க அது. ஆனா தட்டு மாட்ட வந்த ஆளு செங்கல்லுக்கு அடிக்கற மாதிரியே ஹேமரைப் போட்டு, சாதா பிளக்கை ஏத்திட்டுப் போயிட்டார். ஹேமர் அதிர்ந்ததுல ஓட்டை பெருசாயி, பிளக்கு உள்ள சுத்திட்டே இருந்திருக்கு. கொஞ்ச நாள்ல சேனலோட மேல் பாகம் சுவரை விட்டு ஒரு விரல்கடை விலகிருச்சு. நல்லவேளை, எம் பொண்ணு அதைப் பாத்துட்டுச் சொன்னா, சாமானை இறக்கிட்டோம்.

அப்புறம் வேற ஒருத்தர் வந்து சரி பண்ணினார். ஹேமரை அணைச்சுட்டு வெறும் சுத்துல மட்டும் ஓட்டை போட்டார். பிட்டுல அளவுக்கு ஒரு கறுப்பு டேப்பைச் சுத்தி, அது சுவரைத் தொட்டதும் நிறுத்தினார். சைக்கிள் பம்பை வெச்சு ஓட்டைக்குள்ள இருந்த தூளையெல்லாம் ஊதி எடுத்தார். அது ரொம்ப முக்கியமாம். தூளு இருந்தா பசை கல்லைப் பிடிக்காம தூளைத்தான் பிடிக்குமாம். பழைய ஓட்டையை விட்டு நல்லாத் தள்ளிப் புது ஓட்டை, கெமிக்கல் ஆங்கர், நீளத் திருகு. ஒரு நாள் காய விட்டுத்தான் தட்டை மாட்டினார்.

இன்னொண்ணு அக்கா தங்கச்சிகளுக்குச் சொல்றேன். குழந்தைங்க இருக்கற வீட்டுல கீழ்த்தட்டைப் படி மாதிரி நினைச்சு ஏறுவாங்க. எங்க கீழ்த்தட்டு மூணரை அடிக்கு மேல. அதுக்குக் கீழ வெறும் சுவர்தான்.

காங்கேயத்திலிருந்து

எங்கப்பாரு காலத்துச் செட்டுங்க. முன்னே வண்டி நின்ன இடத்துல இப்பக் கார் நிக்குது. அடியில கருங்கல், இடுப்புக்கு மேல மண் சுவர். மண்ணுல எந்த பிளக்கும் நிக்காது. ஊடால ஓட்டை போட்டு, வெளிப்பக்கம் கால் அங்குல இரும்புப் பட்டையை நெட்டுக்கு வெச்சு, இந்தப் பக்கத்துச் சேனலையும் அதையும் நீள போல்ட்டால முடுக்கினோம். சுவரை ரெண்டு பட்டையும் நடுவுல பிடிச்சுக்குது. வெளிய மழை படற இடத்துல ஓட்டையைச் சுண்ணாம்புச் சாந்து வெச்சு அடைச்சுட்டோம். லேசான சாமான் மட்டும்தான் வைக்கறோம். கருங்கல்லுல போட்டா இன்னும் உறுதி, ஆனா பிட்டு தாங்காது, உயரமும் பத்தாது.

திருச்செங்கோட்டிலிருந்து

சுவர்ல எதைத் தொங்க விடக் கூடாதுன்னு நான் சொல்றனுங்க. நமக்கு போர்வெல் போடற ரிக் வண்டித் தொழிலு. அதோட பிட்டு, ஹேமர், வால்வு எல்லாம் ஒவ்வொண்ணா எடுத்தாலே ரெண்டு கை வேணும். அதெல்லாம் சுவர் தட்டுக்கு ஆகாது. ஸ்லாட்டட் ஆங்கிள்ல (துளை போட்ட எல் வடிவ இரும்புல) தரையில நிக்கற ரேக்கைப் போட்டு, தலையை மட்டும் சுவரோட ஒரு போல்ட்ல கட்டி வெச்சிருக்கோம், முன்னால சாயாம இருக்கறதுக்கு. பாரம் நேராத் தரைக்கு இறங்கிருது.

வீட்டுச் செட்டுலயும் இன்வெர்ட்டர் பேட்டரியை மேல ஏத்தாதீங்க. 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி தண்ணியோட 50 கிலோவுக்கு மேல வரும். சார்ஜ் ஏறும்போது அதுல இருந்து ஹைட்ரஜன் கிளம்பும், எரியற வாயு. நேர் மேல் தட்டுல பெட்ரோல் கேனோ தின்னரோ வைக்கக் கூடாது. பேட்டரி தரையில, காத்து வர்ற பக்கம் தனியா இருக்கட்டும்.

பூச்சி மருந்தைத் திறந்த தட்டுல வைக்கறதை எத்தனையோ தோட்டத்துல பாக்கறேன், மனசு பதறுது. பக்கத்துலயே கடலை மூட்டை இருக்கும். அதுக்குப் பூட்டுப் போட்ட தனி இரும்புப் பெட்டி வையுங்க. குளிர்பான பாட்டில்ல ஊத்தி வைக்கவே வைக்காதீங்க.

கோபியிலிருந்து

கொத்தனார் வேலை பாக்கறவனுங்க. பல்லடத்து அண்ணன் எழுதினது சரி. மட்டம் பாக்கறதைப் பத்தி யாரும் சொல்லலை.

முதல் சேனலை மேல் ஓட்டையில மட்டும் ஒரு திருகைப் போட்டு, இறுக்காம தொங்க விடுங்க. அதுவே ஆடி நின்னு தூக்குக்குண்டு வேலையைப் பண்ணிரும். அதுக்கப்புறம் மத்த ஓட்டைக்குக் குறி போடுங்க. ரெண்டாவது சேனலுக்கு மேல் ஓட்டையில இருந்து மேல் ஓட்டைக்கு மட்டம் புடிக்கணும். தூரம் அதிகமானா ரசமட்டத்தை நம்பாதீங்க, டியூப்புல தண்ணி விட்டுப் பாருங்க. தரையில இருந்து டேப்பைப் புடிச்சு அளந்து குறி வைக்கறாங்க, அது தப்பு. கார் செட்டுத் தரைக்குத் தண்ணி ஓட வாட்டம் விட்டிருப்போம், அந்த வாட்டம் அப்படியே தட்டுக்கு வந்திரும். சேனலோட மேல் கீழையும் கவனிங்க. சிலதுல துளை ரெண்டு முனையிலயும் ஒரே அளவுல தொடங்காது. ஒண்ணைத் தலைகீழா அடிச்சா மட்டம் சரியா இருந்தும் தட்டு கோணலா உக்காரும்.

பூச்சு குண்டும் குழியுமா இருந்தா சேனலுக்குப் பின்னால வாஷரைக் கொடுத்துச் சரி பண்ணுங்க. திருகை முடுக்கி முடுக்கிச் சேனலையே வளைச்சுராதீங்க.

சுவிட்ச் பாக்ஸுக்கு நேர் மேலயும் கீழயும், ஸ்டார்ட்டர் போர்டுக்கு நேர் மேலயும் ட்ரில் வைக்காதீங்க. ஒயர் பைப்பு அந்தக் கோட்டுலதான் இறங்கியிருக்கும். தோட்டத்துச் செட்டுல மூணு பேஸ் லைன் இருக்கும், மறந்துராதீங்க. அந்தப் பக்கம் வேலை செய்யற வரைக்கும் மெயினை இறக்கி வெச்சுட்டு, ட்ரில்லுக்கு வேற எங்கிருந்தாவது லைன் இழுத்துக்கங்க.

பல்லடத்திலிருந்து, மறுபடியும்

எழுதின எல்லாருக்கும் நன்றிங்க. காங்கேயத்து அண்ணன் சொன்ன ரெண்டு பட்டை யோசனை ரொம்ப நல்லா இருக்கு. எங்க பெரியப்பா வீட்டுச் செட்டும் மண் சுவர்தான், அங்க செஞ்சு பாக்கணும்.

தட்டுக்கு என்ன பலகைன்னு தனியாக் கேட்டிருந்தாங்க. நாங்க போட்டது 18 எம்எம் பிளைவுட், தண்ணி தாங்கற 710 கிரேடு. 303 கிரேடு விலை குறைவு, வீட்டுக்குள்ள அலமாரிக்குச் சரி. செட்டுல சாரல் அடிக்கும், அதனால வேண்டாம். அறுத்த ஓரத்துக்கெல்லாம் பெயிண்ட் கொடுத்துருங்க, ஈரம் அது வழியாத்தான் ஏறும். சேனலுக்குச் சேனல் ரெண்டடி விட்டிருக்கோம். நாலடி விட்டா ஒரு சேனல் மிச்சம்னு தோணும். ஆனா இடைவெளி ரெண்டு மடங்கானா அதே பாரத்துக்குப் பலகை எட்டு மடங்கு தொய்யும்.

மேற்கே பாத்த செட்டுன்னா ஒரு விஷயம் இருக்குங்க. பாலக்காட்டுக் கணவாய்க் காத்து ஆனி ஆடியில நேரா உள்ள வரும். உடுமலை, பல்லடம் பக்கம் காத்தாடி சுத்தற காத்து அதுதான். காலி டப்பா, அட்டை, தார்ப்பாயெல்லாம் தட்டுல நிக்காது. தட்டோட முன் ஓரத்துல ரெண்டு அங்குலத்துக்கு அலுமினியப் பட்டை அடிச்சோம், அதுக்கப்புறம் எதுவும் விழறதில்லை. பிராக்கெட்டோட கொக்கி சேனல் துளையில முழுசா இறங்கி உக்காந்திருக்கான்னு தட்டிப் பாத்துட்டுத்தான் பலகையை வைக்கணும். பாதி மாட்டினதும் நல்லாவே நிக்கும், அதிர்ச்சி வந்தாத்தான் வெளிய வரும்.

பிராக்கெட் வாங்கும்போதே ரெண்டு மூணு சேத்து வாங்கிக்கங்க. ஒரு கம்பெனி கொக்கி இன்னொரு கம்பெனி துளையில உக்காராது. பின்னால கூடுதலா ஒரு தட்டு போடலாம்னு போனா, அதே சாமான் கடையில இருக்கும்னு சொல்ல முடியாது. சேனல்ல ஒரு துண்டை அறுத்துக் கையோட கொண்டு போயி, மாட்டிப் பாத்து வாங்குங்க.