சன்டெக் மாநாட்டுக்கு வருகிறேன், வழி சொல்லுங்கள்

வணக்கம். நான் மதுரையில் நூலகர். அடுத்த மாதம் சிங்கப்பூர் சன்டெக் மாநாட்டு மையத்தில் நடக்கும் நூலகர் மாநாட்டில் பதிவு மேசை என் பொறுப்பு. காலை ஏழு மணிக்கே அங்கே இருக்க வேண்டும். லிட்டில் இந்தியாவில் தங்கினால் டவுன்டவுன் பாதை ரயிலில் மாறாமல் சன்டெக் பக்கத்து நிலையமான புரொமனாட் போய்விடலாம், சைவச் சாப்பாட்டுக்கும் கவலையில்லை. ஆனால் ஞாயிறு மாலை அங்கே இருக்கும் ஜன நெரிசல்தான் யோசனையாக இருக்கிறது. கூட வரும் மூத்த பெண் நூலகருக்கு முழங்கால் வலி. லிப்ட் உள்ள, வாடகை குறைந்த விடுதி ஏதாவது தெரியுமா?

அப்புறம், பெயர் அட்டைகளில் தமிழும் இருக்க வேண்டும் என்பது என் பெரிய ஆசை. தமிழ் ஆட்சிமொழியாக உள்ள நாட்டில் அது இல்லாமல் மேசை போட மனம் வரவில்லை. பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் கடைகளில் தமிழ் எழுத்து உடையாமல் அச்சிடுவார்களா? அங்கே கொடுத்துப் பார்த்தவர்கள் கட்டாயம் எழுதுங்கள்.