பாட்டு விட்டு மூண்டு கிழமை, 412 பேர்தான் பாத்திருக்கினம்

பரந்தன் பொடியன்:
எல்லாருக்கும் வணக்கம். பகல்ல பரந்தன் சந்தியில ஃபோன் திருத்திற கடையில நிக்கிறன், இரவில பாட்டுச் செய்யிறன். மூண்டாவது பாட்டை யூடியூப்பிலயும் ஸ்பொட்டிஃபையிலயும் விட்டு மூண்டு கிழமை. 412 வியூஸ். அதில அரைவாசி நானும் பெரியம்மாவின்ர பிள்ளையளும்தான். றெக்கோட் பண்ணினது வீட்டு அறையில. பக்கத்து வளவுத் தண்ணி மோட்டர் நிக்குமட்டும் காத்திருந்து, இரவு பதினொண்டுக்குப் பிறகு மெத்தையைச் சுவரில சாத்தி வைச்சுப் பாடினனான். இரணைமடுக் குளத்தில ட்ரோன் ஷொட்டுக்கு மட்டும் 15,000 குடுத்தன். இப்ப கையில 5,000 இருக்கு. காசு கட்டி யூடியூப்பில விளம்பரமா ஓட விடுற பூஸ்ற் போடவோ? ஒரு நாளைக்கு லட்சம் பாட்டு ஏறுதாம். அதுக்குள்ள எங்கட பாட்டை ஆர் கண்டுபிடிக்கிறது?

முள்ளியவளை செற்காரன்:
தம்பி, பாட்டைக் கேட்டன். கடைசி மட்டும். குறை சொல்லப் போறன், கோவிக்காதையும்.

நான் இருவது வருசமா ஸ்பீக்கர் செற் பூட்டுறவன். கோயில், கலியாணவீடு, சாமத்தியவீடு எல்லாம். பாட்டுப் போகேக்க சனம் எந்த இடத்தில கதையை நிப்பாட்டுது எண்டு பாத்துப் பாத்தே பழகினவன். உம்மட பாட்டில முதல் இருவது செக்கனும் ட்ரோன்தான். வான்கதவு, தென்னை, ஏ9 றோட்டு. இஞ்ச பாட்டு விடுற எல்லாரும் உந்தக் கதவுக்கு மேலாலதான் பறக்கினம். பாவம் அந்தக் குளம், வருசம் முழுக்க நடிப்பு வேலை. பிறகு பீற் வருது, பாட்டுக்குப் பின்னால ஓடுற தாள இசை. அதே பீற்றைப் போன மாசம் ஒரு பிறந்தநாள் வீட்டில வேற ஒரு பொடியன்ர பாட்டில போட்டனான்.

ஆனா 2 நிமிசம் 10 செக்கனில ஒரு கிழவியின்ர குரல் வருது. அருவி வெட்டுப் பாட்டு, நெல்லு வெட்டேக்க பாடுறது. மூச்சு வாங்கி, ஒரு சொல்லை விழுங்கி, பிறகு தன்ர பாட்டில சிரிக்கிறா. என்ர மனுசி குசினியில இருந்து தேங்காய்ப் பாதியும் கையுமா வந்து "ஆரப்பா அது?" எண்டு கேட்டா. அவவை ஏன் தம்பி எட்டுச் செக்கனில முடிச்சீர்?

எங்கட ஊரில கோவலன் கூத்து ஆடேக்க கதை தெரியாத ஆள் ஒருத்தரும் இல்லை. எண்டாலும் விடிய விடிய இருப்பினம், இந்த முறை ஆர் பாடுறது, எப்பிடிப் பாடுறது எண்டு பாக்க. வைகாசியில வட்டாப்பளைப் பொங்கலுக்கு வெளிநாட்டில இருந்து வாறவை செற்றடிக்கு வந்து "அண்ணை, உது ஆற்ற பாட்டு, ஃபோனுக்கு அனுப்பேலுமோ" எண்டு கேப்பினம். சினிமாப் பாட்டை ஒருத்தரும் அப்பிடிக் கேட்டதில்லை. அது கனடாவிலயும் கிடைக்கும்தானே.

வவுனியா மிக்ஸ்:
பீற் கதை பகிடியில்லை. "ஃப்ரீ" எண்டு கிடக்கிற பீற்றுகள் கனக்க, எத்தினை பேருக்கும் குடுக்கிற லைசன்ஸிலதான் வரும். அதில வேற ஆரும் தங்கட பாட்டை யூடியூப்பின்ர கொன்ரென்ற் ஐடியில (அதே சத்தம் வேற வீடியோவில வந்தாப் பிடிக்கிற முறை) ஏத்தினா, "இது என்ர" எண்டு உம்மட வீடியோவுக்குக் கிளெய்ம் வரும். எனக்கு ஒருக்கா வந்து, அந்தப் பாட்டையே கழட்ட வேண்டிப் போச்சு. லைசன்ஸை ஒருக்கா ஆறுதலா வாசியும்.

ஸ்பொட்டிஃபையில 2024 இல இருந்து ஒரு பாட்டு 12 மாசத்தில 1,000 தரமாவது ஓடினாத்தான் அந்தப் பாட்டுக்குக் காசு. அடுத்ததை விட முதல், ஆகக் குறைஞ்சது 7 நாளைக்கு முன்னம், பாட்டு விடுறவைக்கான ஸ்பொட்டிஃபை ஃபோ ஆர்ட்டிஸ்ற்ஸ் பக்கத்தில பிச் பண்ணும், அதாவது பிளேலிஸ்ற் போடுறவைக்குப் பாட்டை அனுப்பும். விட்டாப் பிறகு பிச் பண்ணேலாது. மற்றது, உம்மட பேர் யூடியூப்பில ஒரு எழுத்து, ஸ்பொட்டிஃபையில வேற எழுத்து. தேடினா நீர் ரெண்டு ஆள்.

பூஸ்ற் போட்டா வியூ ஏறும், அவ்வளவுதான். ஏறினவை திரும்பி வரமாட்டினம். 2021 இல சிங்களப் பாடகி யோஹானியின்ர "மெனிக்கே மகே ஹித்தே" கவர் வீடியோ இந்தியா முழுக்கப் போனதைப் பாத்திட்டு, தங்களுக்கும் அப்பிடி அடிக்கும் எண்டு இருக்கிற ஆக்கள் என்னட்டயே ஏழெட்டுப் பேர் வந்திட்டினம்.

பரந்தன் பொடியன்:
அது என்ர அம்மம்மா. விசுவமடுவில இருக்கிறா. ஃபோனில எடுத்தது. எட்டுச் செக்கனுக்குப் பிறகு கோழி கத்தத் துடங்கீட்டுது, அதுதான் வெட்டினனான். முழுப்பாட்டும் அவவுக்குத் தெரியும், அரை மணித்தியாலம் போகும். பீற் விசயம் உண்மையாத் தெரியாது அண்ணை. வெக்கமாக் கிடக்கு.

முள்ளியவளை செற்காரன்:
கோழியை வெட்டாதையும், அது நிக்கட்டும். வாற ஞாயிறு விசுவமடுவில ஒரு கலியாணவீட்டுக்குச் செற் பூட்டுறன். நாலு மணிக்கு முடியும். நல்ல மைக் ஒண்டு கொண்டு வாறன், நீர் பரந்தனில இருந்து முல்லைத்தீவு பஸ்ஸில வந்திறங்கும். ட்ரோன் வேண்டாம். அம்மம்மாவுக்கு வெத்திலை வாங்கிக்கொண்டு வாரும்.

பரந்தன் பொடியன்:
வாறன் அண்ணை. அவவுக்குப் பல்லில்லை, உரலில இடிச்சுக் குடுத்தாத்தான் போடுவா. இடிக்கேக்கயும் பாடுவா.