வீடு, வேலை, ஜெபம் எல்லாம் இருக்கு, சந்தோஷம் மட்டும் எங்க?

கேள்வி:
ப்ரெய்ஸ் த லார்ட். ரெண்டு சின்ன பசங்க, காலைல எழுந்தா ஓட்டம்தான், நைட்டு குடும்ப ஜெபம்னு உக்காந்தா ஒருத்தன் தூங்கிடுறான் இன்னொருத்தன் சண்டை போடுறான், நானும் கடமைக்கு முடிச்சிட்டு படுத்துடுறேன். முன்னாடி இருந்த அந்த சந்தோஷம் இல்ல. உங்க வீட்ல எப்படி?

பதில் 1:
சிஸ்டர், எங்க வீட்லயும் அதே கூத்துதான் 😄 நாங்க ஜெபத்தை வெளிய கொண்டு போயிட்டோம். சாயங்காலம் நடக்கும்போது 104ஆம் சங்கீதத்துல நாலஞ்சு வசனம் மட்டும். அதுல கொக்கு மரத்துல குடியிருக்கும், வரையாட்டுக்கு மலை, குழிமுசலுக்கு (முயல் மாதிரி ஒரு சின்ன மிருகம்) கன்மலைனு வருது பாருங்க, பசங்க உடனே "இந்த எறும்புக்கு எதுப்பா வீடு"னு ஆரம்பிச்சிடுவாங்க, அப்புறம் வீட்டுக்கு வரவே அரை மணி நேரம் ஆகும். இயேசுவும் ஆகாயத்துப் பறவைகளைப் பாருங்கன்னு தானே சொன்னாரு (மத்தேயு 6:26), நாம பாக்குறதே இல்ல.

பதில் 2:
நல்ல ஐடியா. ஆனா சந்தோஷம் வரலைன்னா விசுவாசம் கொறைஞ்சிடுச்சுன்னு நினைக்காதீங்கம்மா. "சந்தோஷமாயிருங்கள்"னு அப்போஸ்தலன் பவுல் பிலிப்பி சபைக்கு எழுதினது ஜெயில்ல கட்டப்பட்டு இருந்தப்ப. மொதல்ல நல்லா தூங்குங்க, சோர்ந்து போய் சாகணும்னு கேட்ட எலியா தீர்க்கதரிசிக்கே தேவதூதன் சாப்பாடு குடுத்து மறுபடி தூங்கத்தான் விட்டான் (1 இராஜாக்கள் 19).

கேள்வி கேட்டவர்:
எலியா மேட்டர் யோசிச்சதே இல்ல 😅 இன்னைக்கு பசங்களோட மொட்டை மாடிக்கு போனோம், நட்சத்திரம் எண்ணினோம், சின்னவன் பதினேழோட தூங்கிட்டான்.